விடைபெறுதலில் முதல் பரிசு

பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பு உண்டு, அதில் தேறினால்தான் விட முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் மெத்தைக்காரர் சிரித்திருப்பார். பெரிய மெத்தைக் கடையொன்றில் மேலாளர் அவர். கால்மேல் கால் போட்டுப் படுத்துப் பார்த்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, வாங்காமல் எழுந்து போகிறவர்களைக்கூட முகம் கோணாமல் வாசல்வரை வந்து வழியனுப்பிப் பழகியவர். ஆள் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே எந்த முதுகுக்கு எந்த மெத்தை என்று சொல்லிவிடுவார். அவருடைய அப்பாவின் முதுகு மட்டும் வீட்டில் ஒரு பழைய பஞ்சு மெத்தையில், நடுவில் விழுந்திருந்த பள்ளத்தில் கிடந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

அப்பா லிஃப்ட் ஓட்டியவர். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில், லிஃப்டின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை ஏற்றி இறங்குகிறவர்களை இறக்கியே ஆயுளைக் கழித்தவர். லிஃப்டுக்குள் வருகிறவர்கள் ஊர்ப்பட்ட ரகசியம் பேசுவார்கள். மூலையில் இரண்டு காது உட்கார்ந்திருப்பது யாருக்கும் நினைவிருக்காது. அந்த மறதியைக் கெடுக்கக் கூடாதென்று அப்பா வாயை மூடியே பழகிவிட்டார். "எத்தனாவது மாடி?", "அடுத்தவங்க வாங்க." வேலை நேரத்தில் இவ்வளவுதான் அவர் பேச்சு. வீட்டில் அதோடு ஒரு "சரி" சேர்ந்துகொண்டது. மனைவி பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னபோதும் "சரி" என்றார். லிஃப்டில் பொத்தான் வைத்துவிட்டோம், இனி ஆள் வேண்டாம் என்று அலுவலகம் சொன்னபோதும் "சரி" என்றார்.

வயதானபின் அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தார். இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பார்கள். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. தேடித் தேடி, கடைசியில் ஒரு பல்மாடிக் கடைத்தொகுதியில் கண்டுபிடித்தார்கள். லிஃப்டின் மூலையில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் எத்தனாவது மாடி என்று கேட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். மரியாதையான ஏற்பாடாக இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் அவர் கையில் சில்லறைகூடத் திணித்திருந்தாள்.

அன்றைக்குத்தான் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. மெத்தைக்காரரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். "மாமாவை நான் வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா நாம ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க," என்றாள். நியாயமான கேள்விதான். தூர தேசத்தில் இருக்கிற அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

"நான் மட்டும் பக்கத்துல இருந்தேன்னா அப்பாவ உள்ளங்கையில வச்சுத் தாங்குவேன்டா," என்றாள் அக்கா. "ஆனா நீ நல்ல இடமாப் பாரு. நாளைக்கு யாரும் நம்மள ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

அக்காவுக்கு அந்த 'மட்டும்' எப்போதும் கைகொடுக்கும். அவள் தேசத்துக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. தம்பிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். நல்ல இடம் கிடைத்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று பேசாமலே முடிவாயிற்று.

முதலில் பார்த்த இல்லம் ஒரு பழைய வீடு. அதை நடத்தியவள் முன்னாள் நர்ஸ், கனத்த உடம்புக்காரி. யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து நேரே அறைகளுக்குக் கூட்டிப்போனாள். ஒரு படுக்கையில் இருந்த கிழவர் இவர்களைப் பார்த்து யாரென்றோ நினைத்து அழுதார், இன்னொருவர் யாரென்றோ நினைத்துச் சிரித்தார். மெத்தைக்காரர் தொழில் புத்தியில் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். முதல் தரம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"அப்பாட்ட கேட்டுட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

"இனிமேதான்."

"கேட்டுட்டு வாங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தா எங்களுக்குத்தான் கஷ்டம். மொதல்ல கொஞ்ச நாள் அழுவாரு. நீங்களும் அழுவீங்க. வாரத்துல ரெண்டு தடவையாவது வந்து, அவரு சாப்பிடறப்போ பக்கத்துல உக்காரணும். அதுக்கு ஒத்துக்கறவங்களத்தான் நாங்க எடுக்கறோம்."

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு மனைவி, "ஃபினாயில் வாடை ஜாஸ்தியா இருந்துச்சு இல்ல?" என்றாள்.

"ஆமா, தலையே வலிக்குது," என்றார் மெத்தைக்காரர்.

அப்படியொன்றும் வாடை இல்லை. இருவருக்கும் அது தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூக்கையும் சேர்த்துக் குறுகுறுக்க வைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த இடத்தை இல்லம் என்று சொன்னால் வாயிற்காப்போனே திருத்துவான். அதன் பெயர் மூன்றாம் வளாகம். பள்ளிப் பருவம் மனிதனுக்கு முதல் வளாகம், உழைக்கும் பருவம் இரண்டாம் வளாகம், இது மூன்றாவது. யாராவது இறந்துவிட்டால், நான்காம் வளாகத்துக்கு மாற்றலாகியிருக்கிறார் என்று அறிவிப்புப் பலகையில் பூப்போட்டு எழுதுவார்கள். கீழே வாழ்த்துகள் என்றும் இருக்கும்.

அங்கே அவர்களை வரவேற்றவள் விடைபெறல் துறையின் தலைவி. இஸ்திரி கலையாத உடை, இஸ்திரி கலையாத புன்னகை. வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். முதலில் பிள்ளைகள் ஓய்வெடுக்கும் கூடம். குளிர்சாதனம், தேநீர் எந்திரம், தொட்டால் உள்ளே வாங்கிக்கொள்ளும் சோபாக்கள். அடுத்து பிள்ளைகளுக்கான தியான அறை. அதையடுத்து பிள்ளைகள் அழுதால் முகம் கழுவிக்கொள்ள வரிசையாகக் குழாய்கள், வெந்நீரும் வரும். கடைசியாக வண்டி நிறுத்துமிடம்.

"கவனிச்சீங்களா சார், எல்லா வண்டியும் வெளியே பார்த்துத்தான் நிக்கும். உள்ளே பார்த்து நிறுத்தவே விடமாட்டோம். கிளம்பறப்போ ரிவர்ஸ் எடுத்தா முன்கண்ணாடியில ஜன்னல் தெரியும். ஜன்னல்ல ஒரு முகம் தெரியும். அப்புறம் ஒரு வாரம் உங்களுக்கு வேலையே ஓடாது. நாங்க ஆராய்ச்சி பண்ணித்தான் இதைச் செஞ்சோம்."

மெத்தைக்காரரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அக்கறையாக அவளிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது.

"அப்பா தங்கப்போற ரூமைப் பாக்கலாமா?" என்றார் மெத்தைக்காரர்.

"தாராளமா," என்று சொல்லித் தலைவி ஒரு வழவழப்பான புத்தகத்தைத் திறந்து அறையின் படத்தைக் காட்டினாள்.

"மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டா..."

"மெத்தை அடுத்த பக்கத்துல இருக்கு சார்."

அடுத்த பக்கத்தில் மெத்தை இருந்தது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். மெத்தைக்காரர் அதை விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் தலைவி. "நிறைய இடங்கள்ல வயசானவங்களையே பார்த்துட்டிருக்காங்க. பெத்தவங்களுக்கு என்ன சார், எங்க விட்டாலும் இருந்துக்குவாங்க. அந்தத் தலைமுறையே அப்படி. விட்டுட்டுப் போறவங்க கதிதான் பரிதாபம். எங்களைப் பொறுத்தவரைக்கும் எங்க விருந்தாளி உங்க அப்பா இல்ல, நீங்கதான். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதான்னு மாசாமாசம் போன் பண்ணிக் கேப்போம்."

அப்பாவிடம் கேட்டீர்களா என்று அவள் கேட்கவேயில்லை. மெத்தைக்காரர் கடைசிவரை காத்திருந்து பார்த்தார். கேட்கவில்லை என்று உறுதியானதும் அவருக்குள் ஒரு பாரம் இறங்கியது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

சேர்க்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை, விடைபெறல் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும்.

வகுப்பில் இவரோடு ஒரு மருந்துக்கடை அம்மாள், ஒரு வக்கீல், அம்மாவை யார் கொண்டுவந்து விடுவதென்று சண்டை முடியாமல் இருவருமே வந்துவிட்ட இரட்டைச் சகோதரர்கள். தலைவி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"முதல்ல ஒரு கெட்ட பழக்கத்தை விடணும். கிளம்பறப்போ நாம என்ன சொல்றோம்?"

"போயிட்டு வரேன்," என்றார் வக்கீல்.

"அதான் தப்பு. வரேன்னு சொல்லிட்டா அவங்க காத்திருக்க ஆரம்பிச்சுடுவாங்க. கதவையே பார்ப்பாங்க. சாப்பாடு இறங்காது. எங்களுக்கு வேலை கூடும்."

"அதுக்காகப் போறேன்னு சொல்ல முடியுங்களா?" என்றாள் மருந்துக்கடை அம்மாள். "அபசகுனம் மாதிரி இருக்குமே."

"ரெண்டும் வேண்டாம். நம்ம வாக்கியம் இதுதான்: நல்லா பார்த்துக்குவாங்க. எங்கே, எல்லாரும் சொல்லுங்க. யார் பார்த்துக்குவாங்கன்னு இதுல வருதா? வராது. நீங்க வருவீங்களான்னு வருதா? அதுவும் வராது. பொய்யே இல்லாத வாக்கியம். எங்க சட்டத்துறை பார்த்துப் பார்த்து எழுதினது."

வாக்கியத்துக்கு அசைவுகளும் உண்டு. தோளைத் தொட வேண்டும், வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், திரும்ப வேண்டும், நடக்க வேண்டும். திரும்பியபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. "தொடு, சொல், திரும்பு, நட," என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஓதியது. வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு நரைத்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஓதினால் போதாது, செய்து காட்ட வேண்டும். அதற்கென்று வளாகத்திலேயே குடியிருக்கும் ஒருவரைப் பயிற்சித் தந்தையாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவராம். எல்லோரும் அவரை ஏலக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடி, எதிரில் வருகிற பிள்ளையிடம் கெஞ்ச வேண்டும். அந்தக் கெஞ்சலைத் தாங்கிக்கொண்டு பிள்ளை வெளியே நடந்துவிட வேண்டும்.

"என்னை விட்டுட்டுப் போகாதப்பா, ஒரு தரம்," என்றார் ஏலக்காரர் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே. "விட்டுட்டுப் போகாதப்பா, ரெண்டு தரம்."

மூன்றாம் தரத்துக்குள் கதவைத் தாண்டிவிட வேண்டும் என்பது விதி. மெத்தைக்காரர் முதல்முறை கதவருகில் திரும்பிப் பார்த்துவிட்டார். பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினார். ஆனாலும் தோல்வி தோல்விதான். இரண்டாம் முறை, தோளைத் தொட்ட கையை எடுக்கத் தாமதமாயிற்று. அந்தத் தோள் அவர் அப்பாவின் தோளைப் போலவே எலும்பாக இருந்தது.

"உங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதோ தடுக்குது சார்," என்றாள் தலைவி வருத்தத்தோடு. "அம்மா ஒரே தடவையில தேறிட்டாங்க பாருங்க."

மருந்துக்கடை அம்மாள் அடக்கமாகத் தலை குனிந்தாள்.

இது மெத்தைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடத்தில் எதிலும் முதலாக வராதவர் அவர். இதிலுமா பின்தங்குவது என்று ரோஷம் வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி அதனிடம் விடைபெற்றுப் பழகினார். வீட்டில் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகினார். "இன்னும் கொஞ்சம் வேகமா திரும்புங்க," என்று அவளும் யோசனை சொன்னாள். எதற்காக இதெல்லாம் என்பது நடுவில் எங்கேயோ நழுவிவிட்டது. அப்பாவை விட்டுவிட்டு வருவதற்காக அவர் உழைத்த உழைப்பில் பாதியை அப்பாவை வைத்துக்கொள்ள உழைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் அதற்கு யாரும் வகுப்பு நடத்தவில்லையே.

இறுதித் தேர்வில் அவர் முதல் பரிசு வாங்கினார். "ரெண்டு தரம்" என்று ஏலக்காரர் வாயெடுக்கும் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவி ஒரு பளபளக்கும் கோப்பையைக் கொடுத்தாள்.

கோப்பையைக் காரிலேயே ஒளித்துவைக்கத்தான் நினைத்தார். மறந்து கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரு போட்டி... கடையில வச்சாங்க."

"முதல் பரிசா?"

"ஆமாப்பா."

அப்பா கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அலமாரியின் மேல் வைத்து, சரியில்லை என்று எடுத்து, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி இடம் மாற்றி வைத்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரையும் பால் கொண்டுவருகிறவரையும் உள்ளே கூப்பிட்டு, "பையன் வாங்கினது," என்று காட்டினார். அப்பா யாரையும் வலியக் கூப்பிட்டுப் பேசி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மெத்தைக்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்கு அவருக்கு முழுதாகத் தெரிந்தது. தெரிந்தும் வெளியே வந்து வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்து வாயெடுத்தவருக்கு வேறொன்று வந்தது. "வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம்பா. அந்த வாடை உங்களுக்கு ஆகாது. அதுவரைக்கும் ஒரு நல்ல இடத்துல..."

அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெயின்ட் வாடை எனக்கு ஒண்ணும் பண்ணாதுடா," என்றார்.

"இல்லப்பா, டாக்டர் சொல்லியிருக்காரு."

"சரி," என்றார் அப்பா.

ஒரு பைக்குள் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டார். அலமாரி மேலிருந்து கோப்பையை எடுத்து, துண்டில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் உடையாமல் வைத்தார். "அங்க மேஜையில வச்சுக்கறேன். யாராவது கேட்டா சொல்லலாம்." வேண்டாம் என்று சொல்ல மெத்தைக்காரருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார்.

வளாகத்தில் தலைவி கைகூப்பி வரவேற்றாள். அப்பா பையை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கோப்பை தலையை நீட்டியது.

"அட, நம்ம கோப்பை," என்றாள் தலைவி. "அய்யா, உங்க மகன் சாதாரண ஆள் இல்ல. எங்க வரலாற்றுலயே இவ்வளவு அழகா விடைபெற்றவர் யாரும் கிடையாது. பெத்தவங்கள விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போறதுல முதல் பரிசு. நீங்க குடுத்து வச்சவர்."

அப்பா கோப்பையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "அப்படியா," என்றார். கோப்பையைத் திரும்பத் துண்டுக்குள் சுற்றவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டார்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று மெத்தைக்காரருக்கு இருந்தது. வளாகத்தில் அதற்கும் ஏதாவது வசதி இருக்கும், தலைவி காட்ட மறந்திருப்பாள். பூமி பிளக்கவில்லை. கை தானாகப் போய் அப்பாவின் தோளைத் தொட்டது. "நல்லா பார்த்துக்குவாங்க," என்றது வாய். கால்கள் திரும்பின, நடந்தன. அப்பா ஒரு தரம்கூடக் கெஞ்சவில்லை. "சரி" என்று மட்டும் பின்னாலிருந்து கேட்டது. வண்டி வெளியே பார்த்து நின்றிருந்தது.

அதன்பின் மெத்தைக்காரர் ஒரு காரியம் செய்தார். உண்மையாகவே வீட்டுக்கு வெள்ளையடித்தார். அடித்துவிட்டால் சொன்னது பொய்யில்லையே. அப்பாவின் அறைக்கு வெளிர்நீலம். பெயின்ட் காய்வதற்குள், கடையில் விலைபோகாத மெத்தைகளை வைக்க இடம் தேவைப்பட்டது. தற்காலிகமாக அந்த அறையில் அடுக்கினார்கள். உயர்தர மெத்தைகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை இருந்தன. பழைய பஞ்சு மெத்தையைக் குப்பைக்காரன் எடுத்துப் போனான். மனைவி அந்த அறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்தாள்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். வளாகத்திலிருந்து போன் செய்து, பிள்ளைகள் வந்து போனால் பழகிய மனம் குலைந்துவிடும், அவசரப்பட வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்கள். அவருக்கு அது வசதியாக இருந்தது. அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டால், "சரின்னு சொல்றார் சார்" என்பார்கள். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள். வரவில்லை. வருகிறது என்பார். அக்காவிடம், "ராஜா மாதிரி இருக்காரு" என்றார். "நான் மட்டும் பக்கத்துல இருந்தா..." என்று அக்கா தொடங்கினாள்.

இப்படி மாதங்கள் ஓடியபின் வளாகத்திலிருந்து அழைப்பு வந்தது. விடைபெறல் பயிற்சியை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு மனம் இளகிப்போகும் ஆபத்து இருப்பதாக ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. மெத்தைக்காரர் போனார். அதைச் சாக்காக வைத்து அப்பாவைப் பார்த்துவிடலாம் என்றும் நினைத்தார். வீடு தயாராக இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்றுகூட வழியில் தோன்றியது. மெத்தைகளை எங்கே வைப்பது என்ற யோசனையும் உடனே வந்தது. ஆனாலும் அன்றைக்கு அவர் நிஜமாகவே நினைத்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

பயிற்சி அறைக்கு வெளியே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் உள்ளேயிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். "புது ஆளுங்க. ஏலக்காரர் நாலாம் வளாகத்துக்குப் போயிட்டாராம். யப்பா, இந்தாளு என்னமா அழறாரு. ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

கதவிடுக்கில் குரல் கேட்டது. "போகாதப்பா. நான் ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன். பேசக்கூட மாட்டேன். நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது. என்னை மட்டும் கூட்டிட்டுப் போயிடுப்பா."

மெத்தைக்காரருக்கு அந்தக் குரல் தெரிந்தது. அந்தக் குரலில் இத்தனை சொற்களை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

தலைவி பூரிப்போடு வந்தாள். "சொல்லணும்னே இருந்தேன் சார். உங்க அப்பா எங்க பொக்கிஷம். வந்த புதுசுல வாயே திறக்கல. சும்மா ஒரு நாள் உக்கார வச்சுப் பார்த்தோம். அப்பா, என்ன நடிப்பு. குடும்பத்துலயே இருக்கு பாருங்க திறமை, உங்களுக்கு விடறதுல, அவருக்கு விடப்படறதுல."

"அவரு எல்லார்கிட்டயும் இப்படியா..."

"வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும். அலுக்காம, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். சொந்தப் பிள்ளைங்கள அவங்கவங்க பெத்தவங்ககிட்ட தேர்வுக்கு அனுப்பறதில்லைன்னு ஒரு விதி இருக்கு. ஆனா இன்னைக்கு வேற ஆள் இல்ல. உங்களுக்கும் பழகின முகம், சுலபமா இருக்கும். போங்க."

அறைக்குள் அப்பா நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். தோளில் அதே துண்டு. கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. மகனைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலைவி ஓரமாகப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

அப்பா மகனையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிஞ்சுதாப்பா?"

"புது வசனம்," என்று தலைவி வியந்து குறித்துக்கொண்டாள்.

அப்பா துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். "முடிஞ்சிருந்தா நான் வரேன்பா. பை கட்டித்தான் வச்சிருக்கேன்."

முடிந்துவிட்டது, வாங்கப்பா போகலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் அதைச் சொல்லத்தான் குனிந்தார். கை போய்த் தோளைத் தொட்டது. வாய் திறந்தது.

"நல்லா பார்த்துக்குவாங்க," என்றார்.

எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எத்தனை மெத்தைகளிடம், எத்தனை முறை சொல்லிப் பழகிய வாக்கியம். கால்கள் திரும்பிவிட்டன. நடந்துவிட்டன. கதவுக்கு வெளியே வந்து நின்றபோதுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பின்னாலேயே தலைவி ஓடிவந்தாள்.

"அபாரம் சார். சொந்த அப்பாகிட்டயே. துளி சறுக்கல் இல்ல. இந்த வருஷக் கோப்பையும் உங்களுக்குத்தான்."

"மேடம், அவரு இப்போ கேட்டது... நிஜமாக் கேட்டாரா, நடிச்சாரா?"

"நிஜமாக் கேக்கற மாதிரியே கேக்கறதுதானே சார் அவரோட திறமை," என்று சொல்லிப் புதுக் கோப்பையை அவர் கையில் வைத்தாள்.

வரிசையில் இருந்த பிள்ளைகள் எழுந்து கை தட்டினார்கள். மெத்தைக்காரர் கோப்பையோடு நின்றார். திரும்பி உள்ளே போக ஒரே ஒரு அடிதான். கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியே அப்பா துண்டால் முகத்தை அழுந்தத் துடைப்பது தெரிந்தது. துடைத்து முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், பழைய லிஃப்ட் குரலில் கூப்பிட்டார்.

"அடுத்தவங்க வாங்க."